வீட்டு ஜன்னலில் குடுவைச் செடி

நெப்பந்தஸ் என்னும் குடுவைச் செடி, பூச்சிகளைப் பிடித்துச் செரித்து அவற்றையே உரமாக்கிக்கொள்ளும் வெப்பமண்டலக் கொடி. நெப்பந்தேசி குடும்பத்தில் உள்ள ஒரே பேரினம் இதுதான். இதுவரை அறியப்பட்ட இனங்கள் 170க்கும் மேல். மேற்கே மடகாஸ்கரிலும் செஷல்ஸ் தீவுகளிலும் தொடங்கும் இதன் பரப்பு, இலங்கையையும் மேகாலயத்தையும் தொட்டு, மலேயா, சுமத்ரா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் பகுதிகளில் அடர்ந்து, ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் முனையிலும் நியூ கலிடோனியாவிலும் முடிகிறது. தமிழ்நாட்டுக் காடுகளில் இது இயற்கையாக வளர்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் காணக் கிடைக்கும் பூச்சியுண்ணிகள் ட்ரோசீராவும் யூட்ரிகுலேரியாவும்தான். தமிழ் வழங்கும் நிலங்களுக்கு மிக அருகில் உள்ள இனம், இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில், சிங்கராஜா போன்ற காடுகளின் ஓரங்களில் படரும் நெப்பந்தஸ் டிஸ்டிலடோரியா. சிங்களத்தில் அதைப் பாந்துரா என்பார்கள். உலகில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை.

ஐரோப்பியர்களின் ஏடுகளில் இந்தச் செடி முதலில் இடம்பெற்றது 1658இல். மடகாஸ்கரின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த எத்தியென் த ஃபிளாக்கூர், அந்தத் தீவைப் பற்றி எழுதிய நூலில் இதை வருணித்தார். 1753இல் லின்னேயஸ் தாவர இனங்களுக்கு முறைப்படி பெயரிட்டபோது, இலங்கைச் செடியே இந்தப் பேரினத்தின் முதல் இனமாகப் பதிவானது. 19ஆம் நூற்றாண்டில் லண்டனின் வீட்ச் நாற்றங்கால், தென்கிழக்கு ஆசியாவுக்கு ஆட்களை அனுப்பிப் புதுப்புது இனங்களைத் திரட்டியது. அங்கே பணியாற்றிய ஜான் டொமினி 1862இல் முதல் செயற்கைக் கலப்பினத்தை வெளிக்கொண்டுவந்தார். ஆனால் அதுவரை குடுவை எதற்காக என்பது உறுதிப்படவில்லை. 1874இல் தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர் பெல்ஃபாஸ்டில் ஆற்றிய உரையில், குடுவைக்குள் இட்ட முட்டை வெண்கருவும் இறைச்சியும் கரைந்து செரிப்பதைச் சோதனைகளால் காட்டினார். மறு ஆண்டு பூச்சியுண்ணித் தாவரங்களைப் பற்றிய டார்வினின் நூல் வந்தது. அன்று பணக்காரர்களின் வெந்நீர்க் குழாய் பதித்த கண்ணாடி வீடுகளில் மட்டுமே வாழ்ந்த செடி, இன்று நாற்றங்காலில் தொங்குதொட்டியில் விற்கிறது. வாங்கிச் செல்லும் பலரது வீட்டில் ஆறே மாதத்தில் அதன் குடுவைகள் எல்லாம் காய்ந்து, வெறும் இலைக்கொத்து மிஞ்சுகிறது. செடி சாவதில்லை; குடுவை மட்டும் வருவதில்லை. இது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் இச்செடியை வளர்க்கும் முறையின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

குடுவைச் செடி வாழும் நிலங்கள் பெரும்பாலும் வளமற்றவை. போர்னியோவின் வெண்மணல் காடுகள், கரிச் சதுப்புகள், கினபாலு மலையின் உலோகம் மிகுந்த பாறைச் சரிவுகள், சாலைக்காக வெட்டிய செம்மண் மேடுகள் ஆகிய இடங்களில் நீர் உண்டு, ஒளி உண்டு. நைட்ரஜனும் பாஸ்பரசும் இல்லை. அந்தக் குறையைத்தான் பூச்சிகள் நிரப்புகின்றன. பூச்சி செடிக்கு ஆற்றல் தருவதில்லை. ஆற்றல் முழுவதும், மற்ற எந்தப் பச்சைச் செடியையும் போல, ஒளியிலிருந்தே வருகிறது. ஒரு குடுவையை உருவாக்கச் செடி ஏராளமான மாவுச்சத்தைச் செலவிடுகிறது. அந்தக் குடுவையோ ஒளிச்சேர்க்கையில் இலையின் அளவுக்கு உழைப்பதில்லை. இந்தச் செலவு கட்டுப்படியாகும் சூழல் ஒன்றே: ஒளி மிகுதி, ஈரம் மிகுதி, மண்ணில் சத்துக் குறைவு. இம்மூன்றும் சேர்ந்திருக்கும் வரை செடி குடுவை விடும். ஒளி குறைந்தால் செலவிடக் கையில் ஒன்றும் இராது. மண்ணில் உரம் கூடினால் செலவிடத் தேவை இராது. வீட்டில் வளர்ப்பவர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கும். செடி வாடுகிறதே என்று உரம் போடுவதும், வெயில் சுடுமே என்று அறையின் மூலைக்குக் கொண்டுபோவதும் அன்பினால் செய்பவைதாம். இரண்டும் குடுவையை நிறுத்திவிடும்.

குடுவை பூ அன்று, காயும் அன்று. இலையின் ஒரு பகுதி. தண்டிலிருந்து பட்டையாக விரிந்து இலைபோலத் தெரிவது இலையின் அடிப்பகுதி. அதன் நடுநரம்பு இலை முனையைத் தாண்டிப் பற்றுக்கம்பியாக நீள்கிறது. கம்பியின் நுனியில் அரிசி அளவில் ஒரு மொட்டு. இலை விரிந்து முடிந்த பிறகு அந்த மொட்டு மெல்லப் பெருக்கத் தொடங்கும். முதலில் தட்டையாக, மென்மயிர் போர்த்து, மேல் நோக்கி வளையும். பிறகு ஒரு கட்டத்தில் சில நாட்களுக்குள் காற்றடைத்ததுபோல உப்பிவிடும். மூடி அப்போதும் விளிம்போடு ஒட்டியே இருக்கும். உள்ளே செடி தானே சுரந்த நீர் ஏற்கெனவே நிறைந்திருக்கும். மூடி விலகித் திறந்தபின் வாய்விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்து, அகன்று, நிறம் ஏறும். பச்சையாகத் திறக்கும் குடுவை ஓரிரு வாரத்தில் செம்மையோ புள்ளியோ பெறும். மொட்டிலிருந்து திறப்பு வரை இனத்தையும் பருவத்தையும் பொறுத்துப் பல வாரங்கள் ஆகும். ஓர் இலைக்கு ஒரு குடுவைதான். அது காய்ந்தால் அதே இலை இன்னொன்று விடாது. அடுத்த குடுவை வேண்டுமென்றால் அடுத்த இலை வர வேண்டும்.

பொறி இயங்கும் விதம் நுட்பமானது. மூடியின் அடிப்புறமும் வாய்விளிம்பும் தேன் சுரக்கின்றன. விளிம்பை உற்றுப் பார்த்தால் அது உள்நோக்கி ஓடும் மெல்லிய வரிகளால் ஆனது என்பது தெரியும். அந்த வரிகளின் பரப்பில் நீர் மணியாகத் திரளாமல் மென்படலமாகப் பரவிவிடும். மழையோ பனியோ பட்டால், அல்லது தேனே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டால், விளிம்பு முழுவதும் நனைந்து வழுக்கும். எறும்பின் காலடிப் பசைத் திண்டுகள் அந்த நீர்ப்படலத்தின் மீது பிடியிழந்து சறுக்கும். இதை 2004இல் போன், ஃபெடர்லே என்ற இரு ஆய்வாளர்கள் நிறுவினர். உலர்ந்த நேரத்தில் அதே விளிம்பில் எறும்பு இயல்பாக நடந்து, தேன் குடித்துத் திரும்பும். இது பொறியின் குறையாகத் தோன்றலாம். ஆனால் திரும்பிப் போன எறும்பு தன் கூட்டத்தை அழைத்து வருகிறது. அதற்குள் விளிம்பு நனைந்துவிட்டால் ஒன்றுக்குப் பதிலாகப் பல விழுகின்றன. எப்போதும் வழுக்கும் பொறியைவிட, அவ்வப்போது வழுக்கும் பொறி கூடுதலாகப் பிடிக்கிறது.

விளிம்புக்குக் கீழே, பல இனங்களில், உட்சுவரில் மெழுகுப் படிகங்கள் பூசிய பகுதி உண்டு. ஏற முயலும் பூச்சியின் காலில் படிகங்கள் உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும், பிடிமானம் கிடைக்காது. அதற்கும் கீழே செரிப்புச் சுரப்பிகள். அங்குள்ள நீர் வெறும் நீரன்று. இரு விரல்களுக்கிடையே தொட்டு இழுத்தால், பல இனங்களில் அது நூலாக நீளும். விழுந்த ஈ சிறகடிக்கச் சிறகடிக்க அந்தக் கொழகொழப்பு அதைப் பின்னுக்கு இழுக்கும். புரதத்தை உடைக்கும் நெப்பந்தசின் என்ற நொதி, பூச்சியின் மேலோட்டைக் கரைக்கும் கைட்டினேஸ் ஆகியவை அந்த அமில நீரில் வேலை செய்கின்றன.

எல்லா இனங்களும் பூச்சியை நம்புவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. நெப்பந்தஸ் ஆம்புல்லாரியாவின் குடுவை மூடி பின்னுக்கு வளைந்து, வாய் வானைப் பார்த்துத் திறந்திருக்கும். மேலிருந்து விழும் சருகுகளே அதன் உணவில் கணிசமான பங்கு. போர்னியோ மலைகளில் உள்ள லோவி இனத்தில், செடி கொடியானபின் வரும் மேல்குடுவை மீது மர மூஞ்சூறு அமர்ந்து மூடியின் சுரப்பை நக்கும்; அதன் எச்சம் குடுவைக்குள் விழும்; அந்த எச்சத்திலிருந்தே செடி நைட்ரஜனின் பெரும்பகுதியைப் பெறுகிறது. ஹெம்ஸ்லேயானா இனத்தின் குடுவைக்குள் சிறு வௌவால் பகலில் உறங்கி, வாடகையாக எச்சத்தை விட்டுச் செல்கிறது. ஆல்போமார்ஜினாட்டா, விளிம்புக்குக் கீழே வெண்மயிர் வளையம் வைத்துக் கறையான்களை ஈர்க்கிறது. கினபாலுவின் ராஜா இனம் மூன்று லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். அதில் எலி மூழ்கிக் கிடந்ததை 1862இல் வெளியான நூலில் ஸ்பென்சர் செயின்ட் ஜான் பதிவு செய்தார். எலி தின்னும் செடி என்ற பேச்சுக்கு மூலம் அதுதான். ஜன்னலில் வளரும் கலப்பினங்களில் எறும்பு, ஈ, சிறு கரப்பான் ஆகியவற்றுக்கு மேல் எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை.

வீட்டுக்கு ஏற்ற செடியைத் தேர்வதில் முதல் கேள்வி, அதன் பூர்வீகம் எத்தனை மீட்டர் உயரம் என்பது. ஏறத்தாழ 1,000 முதல் 1,200 மீட்டருக்குக் கீழ் வளர்பவை தாழ்நில இனங்கள். அதற்கு மேல் வளர்பவை மலையினங்கள். தாழ்நில இனங்கள் பகலில் 35 டிகிரி வரை தாங்கும். இரவிலும் 20 டிகிரிக்குக் கீழ் இறங்குவதை விரும்புவதில்லை. மலையினங்களுக்குப் பகல் 20 முதல் 28 டிகிரி போதும். ஆனால் இரவு 15 டிகிரியை ஒட்டித் தணிய வேண்டும். அந்த இரவுக் குளிர் கிடைக்காத மலையினம் மாதக்கணக்கில் சிறுத்துச் சிறுத்துச் சாகும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ராஜா இனத்தை வாங்கி வைப்பது செடிக்குச் செய்யும் கொடுமை. கடலோரச் சமவெளியில் மிராபிலிஸ், ஆம்புல்லாரியா, ராஃப்லேசியானா, கிராசிலிஸ் ஆகிய தாழ்நில இனங்கள் வெப்பத்துக்கு அஞ்சுவதில்லை. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற இடங்களில் வெப்பநிலையைப் பொறுத்தவரை மலையினங்களுக்குத் தனி ஏற்பாடு அதிகம் தேவைப்படாது.

இரண்டுக்கும் நடுவில், முதல் செடியாக வளர்க்க மிகவும் ஏற்றது வென்ட்ராட்டா என்ற கலப்பினம். பிலிப்பைன்ஸின் வென்ட்ரிகோசாவும் அலாட்டாவும் சேர்ந்து பிறந்தது. நாற்றங்கால்களில் பெரும்பாலும் அலாட்டா என்ற பெயரிலேயே விற்கிறது. இடுப்பு சிறுத்த, செம்பச்சைக் குடுவைகள். வறண்ட காற்றையும், ஓரளவு வெயிலையும், வளர்ப்பவரின் மறதியையும் இது பொறுத்துக்கொள்ளும். பெரிய குடுவையும் அகன்ற வரி விளிம்பும் கொண்ட மிராண்டா, சிறிய சிவந்த குடுவைகள் கொண்ட பிளடி மேரி ஆகியவையும் வீட்டுக்கு உகந்தவை. சந்தையில் உள்ளவற்றில் மிகுதியும் திசு வளர்ப்பில் பெருக்கியவை. அவையே வாங்கத் தகுந்தவை. காட்டிலிருந்து பிடுங்கிய செடிகள் இன்னும் விலைபோகின்றன. வேரறுந்த அந்தச் செடிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை, காட்டுக்கும் இழப்பு. இந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. ராஜாவும், மேகாலயத்தின் காசி, காரோ மலைகளில் வளரும் காசியானாவும் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவில் காசியானா 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் பாதுகாக்கப்படும் இனம். ஆகவே அந்தப் பெயரில் செடி வாங்குபவர், அது உரிமம் பெற்ற வளர்ப்பகத்தில் பெருக்கியதா என்பதைக் கேட்டறிவது அவசியம்.

இனி ஒளி. குடுவை வருமா வராதா என்பதை மற்ற எதையும்விட ஒளியே தீர்மானிக்கிறது. கிழக்குப் பார்த்த ஜன்னல் மிகச் சிறந்தது; காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் நேராகப் பட்டு, பின்னர் நாள் முழுக்க வெளிச்சம் இருக்கும். மேற்கு ஜன்னலில் மெல்லிய திரையோ, மாடி முகப்பில் 50 சதவீத நிழல்வலையோ இருந்தால் போதும். கண் இருளுக்குப் பழகிக்கொள்வதால் அறைக்குள் இரண்டு மீட்டர் தள்ளி வைத்த செடிக்கும் வெளிச்சம் போதும் என்றே மனிதருக்குத் தோன்றும். உண்மையில் அங்கே கிடைப்பது ஜன்னலோரத்து ஒளியின் சிறு பங்குதான். ஒரு வெள்ளைத் தாளின் மேல் கையை நீட்டிப் பார்க்கலாம். நிழல் தெளிவாக விழுந்தால் ஒளி போதும். மங்கிய கறைபோல விழுந்தால் போதாது. போதாத இடத்தில், செடிக்கு 20 முதல் 30 செ.மீ. மேலே வெள்ளை எல்.இ.டி. விளக்கை நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிட்டுக் குடுவை வரவழைக்க முடியும். ஒளி போதுமா என்பதை இலையே சொல்லும். கரும்பச்சையாக, நீண்டு தளர்ந்த இலை ஒளிப் பசியைக் காட்டும். இளம்பச்சையாக, விறைப்பாக, லேசான செம்மை ஏறிய இலை நிறைவைக் காட்டும். வெளிறிய காய்ந்த திட்டுகள் வந்தால் வெயில் சுட்டிருக்கிறது. நிழலில் வளர்ந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்கு மாற்றக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும்.

காற்றின் ஈரப்பதம் அடுத்தது. பற்றுக்கம்பி நுனியின் மொட்டு, காற்று வறண்டால் உப்பாமலே கருகிவிடும். கலப்பினங்களுக்கு 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும். தூய தாழ்நில இனங்கள் 70ஐ விரும்பும். கடலோர ஊர்களில் இது பெரும்பாலும் தானாகவே கிடைக்கிறது. மதுரை, திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களில் கோடை மதியங்களில் கிடைக்காது. குளிரூட்டிய அறையில் எந்த ஊரிலும் கிடைக்காது, ஏ.சி. காற்று நேராகப் படும் இடம் இச்செடிக்கு ஆகவே ஆகாது. இலைமேல் தண்ணீர் தெளிப்பதைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அதன் பலன் அரைமணி நேரம்கூட நிற்பதில்லை. பல செடிகளைச் சேர்த்து வைப்பது, தொட்டியைக் கூழாங்கல்லும் நீரும் நிறைந்த தட்டின் மேல் நீர் தொடாமல் நிறுத்துவது, சிறு செடியாக இருந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ப்பது ஆகியவை மேலான வழிகள். கண்ணாடிப் பெட்டியை வெயிலில் வைக்கக் கூடாது. உள்ளே வெப்பம் ஏறிச் செடி வெந்துபோகும். புதிதாக வாங்கிய செடி வளர்ப்பகத்தின் ஈரக் காற்றில் வளர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் அதன் பழைய குடுவைகள் காய்வது இயல்பு. அதைக் கண்டு இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் செடி எந்த இடத்துக்கும் பழகாது. புதிய இரண்டு மூன்று இலைகள் வரும்வரை ஒரே இடத்தில் விட்டுவிட்டு, அந்த இலைகளின் குடுவைகளைக் கொண்டே இடம் சரியா என்று முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீரிலும் தமிழ்நாட்டு வீடுகளில் இச்செடி அடிக்கடி தோற்கிறது. சத்தற்ற மண்ணுக்குப் பழகிய வேர் உப்பைத் தாங்காது. கரைந்த உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., 50க்குள் இருப்பது நல்லது. 100 வரை கலப்பினங்கள் சமாளிக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் இதைப்போலப் பல மடங்கு. அதை ஊற்றினால் உடனே எதுவும் ஆகாது. சில மாதங்களில் இலை ஓரம் பழுப்பாகும், புதிய இலை சிறுக்கும், கடைசியில் வேர் கருகும். மழைநீர் மிகச் சிறந்தது. ஆனால் மொட்டைமாடியில் விழுந்து வரும் நீர் சிமெண்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால், முதல் மழையை விட்டுவிட்டு, திறந்த வெளியில் நேராகப் பாத்திரத்தில் பிடிப்பது உத்தமம். வடகிழக்குப் பருவமழையில் கொசு புகாதபடி மூடிய பீப்பாயில் சேமித்தால் இரண்டொரு செடிக்கு ஆண்டு முழுவதும் வரும். வீட்டு ஆர்.ஓ. கருவியின் நீரும் உதவும். ஆனால் சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும் வகைகள் உண்டு. ஒரு டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். அதை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு என்றாலும், குளிர்ச்சுருளின் தூசியும் பூஞ்சையும் கலந்து வரும். வேறு வழியில்லாதபோது பயன்படுத்தலாம்.

ஊற்றும் முறையும் முக்கியம். வீனஸ் பூச்சிப்பிடியையும் அமெரிக்கக் குடுவைத் தாவரமான சரசீனியாவையும் நீர் நிறைந்த தட்டில் நிறுத்தி வளர்ப்பார்கள். அதைப் பார்த்து நெப்பந்தசையும் அப்படி வைப்பவர்கள் வேரை அழுகவிடுகிறார்கள். இதன் வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலிருந்து தாராளமாக ஊற்றி, அடித் துளை வழியே ஓடி வடியவிட்டு, மேற்பரப்பு லேசாக உலரத் தொடங்கும்போது மறுபடி ஊற்ற வேண்டும். கோடையில் அது தினமும் இருக்கலாம். மழைக்காலத்தில் வாரம் இருமுறை இருக்கலாம். தட்டில் தேங்கிய நீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். குடுவை நீரில் கொசு வளருமா என்ற அச்சம் பலருக்கு உண்டு. காட்டில் குடுவைக்குள்ளேயே வாழப் பழகிய கொசு இனங்கள் இருப்பது உண்மை. ஆனால் வீட்டைப் பொறுத்தவரை தொட்டிக்கடித் தட்டு நீரே பெரிய அபாயம்.

தொட்டி நிரப்ப வயல்மண், செம்மண், மண்புழு உரம், தொழுவுரம் எதுவும் கூடாது. நீண்ட இழையுள்ள ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட்டும் சம அளவில் கலந்தது உலகெங்கும் வழக்கம். தமிழ்நாட்டில் எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது தேங்காய் மட்டைத் துண்டு. அதோடு பெர்லைட், சிறிது மரக்கரித் துண்டு, கிடைத்தால் கொஞ்சம் ஸ்பேக்னம் பாசி சேர்த்தால் அருமையான கலவை. நுண்ணிய நார்த்தூளைவிட மட்டைத் துண்டே நல்லது. தூள் ஓராண்டில் இறுகிக் காற்றை அடைத்துவிடும். ஆனால் தென்னைப் பொருட்கள் எல்லாவற்றிலும் உப்பு உண்டு. நல்ல நீரில் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து, வடிநீரின் டி.டி.எஸ். ஊற்றிய நீரின் அளவை நெருங்கும்வரை கழுவ வேண்டும். கால்சியம் நைட்ரேட் கொண்டு பதப்படுத்தி விற்கும் வகை இதற்கு ஏற்றதன்று. தொட்டி பிளாஸ்டிக்காக, துளைகள் நிறைந்ததாக இருக்கலாம். மண்தொட்டி விரைவில் உலர்வதோடு சுவரில் உப்பையும் சேர்த்துவைக்கும்.

ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கலவை மட்கியதும் தொட்டி மாற்றும்போது முதன்முறையாக வேரைப் பார்ப்பவர் திடுக்கிடுவார். நெப்பந்தசின் வேர் இயல்பிலேயே கறுப்பு, நூல்போல மெல்லியது, தொட்டால் ஒடியும். அழுகிவிட்டது என்று நினைத்து வெட்டி எறிய வேண்டியதில்லை. பழைய கலவையை உதறாமல், வேர்ப்பந்தை அப்படியே தூக்கி அடுத்த தொட்டியில் இறக்கிச் சுற்றிலும் புதுக் கலவை இட்டால் போதும். உண்மையான அழுகல் கையில் குழையும், நாறும்.

உணவூட்டுவது பற்றி அளவுக்கு மீறிய கவலை நிலவுகிறது. ஜன்னலோரத்திலோ மாடி முகப்பிலோ உள்ள செடிக்கு எறும்புகள் தாமாகவே வந்து சேரும். மூடிய அறையில் உள்ள செடிக்கு, திறந்து ஒரு வாரமான குடுவையில் மாதம் ஓரிரு சிறு பூச்சிகளைப் போட்டால் தாராளம். செத்த கரப்பான் குஞ்சு, வெட்டுக்கிளி, மீன் தீனியாக விற்கும் உலர்ந்த புழுக்கள் எல்லாம் ஏற்கும். ஆனால் மருந்தடித்துக் கொன்ற பூச்சியைப் போடக் கூடாது. இறைச்சித் துண்டு, சோறு, பால், முட்டை ஆகியவை குடுவைக்குள் அழுகி அதையும் அழுகவைக்கும். ஹூக்கர் இட்டது மிகச் சிறிய துணுக்கு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மெல்லக் கரையும் உரமணிகளில் ஓரிரண்டைக் குடுவைக்குள் இடும் வழக்கமும் வளர்ப்பவர்களிடம் உண்டு. நல்ல பலன் தருகிறது. அதே மணியைத் தொட்டியில் தூவினால் இலை கொழுக்கும், குடுவை குறையும். குடுவைகள் காலியாகவே இருந்தாலும் செடி உடனே சாவதில்லை. வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான். வீட்டு ஈ, கொசுத் தொல்லையை ஒழிக்க இச்செடியை வாங்குவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

பயணத்தில் சாய்ந்து குடுவை நீர் கொட்டிவிட்டால், குடுவையின் கால்பங்கு அளவுக்கு மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றலாம். விளிம்புவரை நிரப்பினால் நொதி நீர்த்துப்போவதோடு, பாரம் தாங்காமல் கம்பியும் ஒடியும். ஒரு குடுவை சில மாதங்கள் இருக்கும். மூடியும் மேற்பகுதியும் முதலில் காயும். அடிப்பகுதி பச்சையாக உள்ளவரை அது செரித்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே காய்ந்த அளவுக்கு மட்டும் கத்தரித்து, மிச்சத்தை விட்டுவைப்பது செடிக்கு லாபம். பூச்சிகளைத் தின்னும் செடிக்கும் பூச்சித் தொல்லை உண்டு. மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இலைக்கக்கத்தில் பதுங்கும்; ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுப்பது பாதுகாப்பானது. செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லியைத் தவிர்க்க வேண்டும்.

இளம்செடி தரையோடு கொத்தாக இலைவிடும். அப்போது வருபவை கீழ்க்குடுவைகள்: உருண்டு, முன்புறம் இரண்டு மயிர்ச் சிறகுகள் ஓட, நிறம் செறிந்து இருக்கும். சில ஆண்டுகளில் தண்டு நீண்டு கொடியாகும். பற்றுக்கம்பிகள் அண்டையில் உள்ளதைச் சுற்றிப் பிடிக்கும். அப்போது வரும் மேல்குடுவை நீண்டு, புனல்போல ஒடுங்கி, நிறம் வெளிறி, சிறகு இழந்து இருக்கும். ஒரே செடியா என்று ஐயுறும் அளவுக்கு இரண்டும் வேறுபடும். கொடியானபின்தான் பூக்கும். ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ இன்னொரு செடியிலும் வருவதால், ஒற்றைச் செடி வைத்திருப்பவருக்கு விதை கிடைக்காது. கிடைத்தாலும் விதை நெடுநாள் உயிரோடு இராது; நாற்று குடுவைச் செடி என்று சொல்லும்படி வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

கொடி கைமீறி நீண்டால் வெட்டிவிடலாம். அடியிலிருந்து புதுக் குருத்துகள் கிளம்பி மறுபடி கீழ்க்குடுவைகள் தரும். வெட்டிய தண்டு வீணாக வேண்டியதில்லை. இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாகக் கூரிய கத்தியால் நறுக்கி, நீர் ஆவியாவதைக் குறைக்க ஒவ்வோர் இலையையும் பாதியாகக் கத்தரித்து, அடிக் கணு புதையுமாறு ஈரமான ஸ்பேக்னம் பாசியில் நட வேண்டும். மேலே தெளிந்த பிளாஸ்டிக் பை கவிழ்த்து, வெயில் நேராகப் படாத வெளிச்சமான இடத்தில் வைத்தால் ஒன்று முதல் இரண்டு மாதத்தில் வேர்பிடிக்கும். பெரும்பாலும் வேருக்கு முன்பே கணுவில் குருத்து தலைகாட்டும். அதைப் பார்த்துத் துண்டை இழுத்துச் சோதித்தால் அப்போதுதான் அரும்பும் வேர் அறுந்துவிடும். இரண்டு புதிய இலைகள் முழுதாக விரிந்தபின் பையை முதலில் சிறிது நேரமும், பிறகு கூடுதல் நேரமும் திறந்துவைத்து, இரண்டு வாரத்தில் முழுவதும் எடுத்துவிடலாம். முதல் சில குடுவைகள் விரல்நுனி அளவில்தான் வரும்; அடுத்தடுத்த இலைகளில் அளவு கூடிக்கொண்டே போகும்.